வாசல் இல்லாதவர்க்கு வைத்தியம்

(ஆம்பூரில், படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஊரிலே பத்து இளைஞர்கள் ஒன்றுகூடியிருக்கின்றனர். புகைவண்டி நிலையத்து ஓரத்திலும், பேருந்து நிலையத்து மேடையிலும், கோயில் வாயிலிலும், தர்கா வாயிலிலும் படுத்துறங்கும் வீடற்ற மக்களுக்கு மருத்துவம் செய்திட ஓர் அமைப்பினைத் துவக்க எண்ணியிருக்கின்றனர். 'அதனை எப்படி நடத்துவது? எதுவரை நடத்துவது? அதற்குத் தலைமை தாங்குவோன் எப்படிப்பட்டவனாக இருத்தல் வேண்டும்? இவை பற்றிப் பேசுக' என்று என்னைப் பணித்தனர். மகிழ்ச்சியோடு இசைந்தேன். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நமது வேலூர்ச் சீமையிலே, நாம் அன்றாடம் கடந்து செல்லும் சாலைகளின் ஓரத்திலே, அந்த விடை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டுவது ஒன்றே என் வேலை.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை! இந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே தோல் நினைவுக்கு வருகிறது. இங்கே பதனிடப்படும் தோல், இங்கே தைக்கப்படும் காலணி, ஐரோப்பிய நாடுகளின் அங்காடிகளிலே அழகாக அடுக்கி வைக்கப்படுகிறது. எவனோ ஒரு சீமானின் பாதத்திற்குக் குளிர் தாக்காதபடி நமது தாய்மார்கள் தையல் போடுகிறார்கள். அத்தகைய ஊரிலே, காலிலே புண்ணோடு, புண்ணிலே அழுக்குத் துணியோடு, வெறுங்காலனாக ஒருவன் விளக்குக் கம்பத்தடியிலே சாய்ந்து கிடக்கிறான். 'ஐயோ பாவம்' என்கிறோம். ஒரு நாணயத்தை வீசுகிறோம். மிக நல்லவர்களாக இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். பிறகு?

மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார். 'காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின். புண்ணை நனைக்கக் கூடாது. ஓய்வு தேவை. பத்து நாள் கழித்து வந்து காட்டவும்.' எளிய சீட்டுத்தான். ஆனால், தோழர்களே, அந்தச் சிறு சீட்டுக்குள்ளே ஒரு வீடே ஒளிந்துகொண்டிருக்கிறது! 'உணவுக்குப் பின்' என்றால், உலை வைக்க ஓர் அடுப்பு வேண்டும். 'நனைக்கக் கூடாது' என்றால், மேலே ஒரு கூரை வேண்டும். 'ஓய்வு' என்றால், 'எழுந்திரு, நகர்ந்து படு' என்று தடியால் தட்டி எழுப்பாத ஓர் இடம் வேண்டும். மாத்திரையைப் பத்திரப்படுத்த ஒரு மாடப்பிறை வேண்டும். 'மருந்து சாப்பிட்டாயா' என்று கேட்க ஓர் உயிர் வேண்டும். வீடு உள்ளவனுக்கு அந்தச் சீட்டு மருந்து. வீடில்லாதவனுக்கோ அது வெறும் காகிதம். பத்து நாள் கழித்து அவன் வரமாட்டான். வந்தால், காலை இழப்பதற்காக வருவான்.

ஆகவே, வீடற்றோர்க்கு மருத்துவம் செய்ய முன்வருவோர் முதலில் உணர வேண்டியது இது: அவர்களுக்குள்ள பல நோய்களிலே வீடின்மையும் ஒன்று. மற்ற நோய்களைத் தீர விடாமல் தடுப்பதும் அதுவே. இந்த உண்மையை வேலூர் எப்படிக் கற்றது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தொழுநோய்! பத்து தலைமுறைக்கு முன்பு வேண்டாம், நமது பாட்டனார் காலத்திலே அந்தச் சொல் கேட்ட மாத்திரத்தில் என்ன நடந்தது? மேனியிலே உணர்வற்ற ஒரு தேமல் கண்டால் போதும். பெற்ற தாய் தட்டைத் தனியே வைப்பாள், உடன்பிறந்தான் திண்ணையைக் காட்டுவான், ஊர் எல்லையைக் காட்டும். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டறிந்து கூறிவிட்டார். கூறி என்ன? இங்கே கர்மபலன் பேசினார்கள்! 'முற்பிறப்பிலே செய்த பாவம், இப்பிறப்பிலே அழுகுகிறது' என்றார்கள். பாவம் செய்தவன் என்று ஒருவனை முடிவுகட்டிவிட்டால், அவனுக்குப் பரிகாரம் தேட வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை அல்லவா! வைதீகம் வகுத்த வசதியான வழி அது.

வைதீகம் அப்படி என்றால், வெள்ளையர் ஆட்சியின் சட்டம் எப்படி? 1898ஆம் ஆண்டு தொழுநோயாளர் சட்டம் என்று ஒன்று இயற்றினர். அறிவிக்கப்பட்ட பகுதிகளிலே, பிழைக்க வழியின்றித் திரிகின்ற, பிச்சை எடுக்கின்ற தொழுநோயாளரைப் பிடிஆணை இல்லாமலே காவலர் கைது செய்யலாம் என்றது அச்சட்டம். ஊன்றிக் கவனியுங்கள். அதே நோய் கொண்ட செல்வந்தன் தன் மாளிகையிலே இருக்கலாம். அவனைத் தொடாது சட்டம். ஏழைத் தொழுநோயாளன் மட்டுமே பிடிக்கப்படுவான். நோய்க்கு அஞ்சிய சட்டமானால் இருவரையும் அல்லவா தேடியிருக்கும்? தெருவிலே நிற்கும் வறுமையைக் காணக் கூசிய கண்கள் எழுதிய சட்டம் அது. அதனை முற்றாக நீக்க 2016ஆம் ஆண்டு வரை ஆயிற்று, தோழர்களே! விடுதலை பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்!

இத்தகைய சூழலிலேதான் வேலூரில் சிலர் வேலை செய்தனர்.

முதலாமவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870இல் நமது இராணிப்பேட்டையிலே பிறந்தவர். அமெரிக்காவிலே மருத்துவம் பயின்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி, ஒரு சிறு அறையிலே சிகிச்சையைத் துவக்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. இவை நாடறிந்தவை. நான் சுட்ட விரும்புவது அவர் நடத்திய சாலையோர மருத்துவத்தை. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையிலே, குறித்த நாளில், குறித்த மரத்தடிகளிலே, நோயாளிகள் காத்திருப்பர். அம்மையாரின் வண்டி வந்து நிற்கும். மருந்துப் பெட்டி திறக்கும். மருத்துவமனையின் படியேற அஞ்சியோர்க்கும், ஏற அனுமதி கிடைக்காதோர்க்கும், புளியமர நிழல்தான் மருத்துவமனை. தொழுநோயாளரும் அங்கே வந்தனர். மற்ற இடங்களிலே விரட்டப்பட்டவர்கள் அங்கே மருந்து பெற்றனர்.

முதற்பாடம் இது: வீடற்றவன் உங்களைத் தேடி வரமாட்டான், நீங்கள்தான் அவனைத் தேடிப் போக வேண்டும். அதிலும், சொன்ன நாளிலே, சொன்ன மரத்தடிக்கே போக வேண்டும். எவனுக்கு நிலையான இடம் இல்லையோ, அவனுக்கு நீங்கள் வந்து நிற்கும் இடமாவது நிலையாக இருக்கட்டும். ஒரு வாரம் வந்து, மறுவாரம் வராமல், மூன்றாம் வாரம் படம் பிடிப்பவரோடு வருகிற தொண்டினை அவன் நம்பமாட்டான். நம்பாதது அவன் குற்றமும் அல்ல.

இரண்டாமவர் டாக்டர் பால் பிராண்டு. ஆங்கிலேயப் பெற்றோர்க்குக் கொல்லிமலையிலே 1914இல் பிறந்தவர். 1946இல் எலும்பு அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். மடங்கி இறுகிப்போன விரல்களோடு நின்ற ஒரு நோயாளியின் கையைப் பிராண்டு பற்றிப் பார்த்தார். அந்தக் கை திருப்பிப் பற்றியதே, என்ன வலிமை! செத்துவிட்டது என்று உலகம் முடிவுகட்டிய கையிலே, உயிருள்ள தசைகள் இருந்தன. சில தசைகள் செயலிழந்திருந்தன. சில நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலுக்கு மாற்றிப் பொருத்தினால் என்ன? 1948 முதல் வேலூரிலே அந்த அறுவை மருத்துவம் நடந்தேறியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சோற்றை அள்ளின, பேனாவைப் பிடித்தன. உலகம் வியந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால், மாலை போட்டு, படம் மாட்டி, மறந்திருப்போம். ஆனால் இங்கேதான், தோழர்களே, மெய்யான கதை தொடங்குகிறது.

கை நிமிர்ந்து வெளியே சென்ற ஒருவர் சில நாளில் திரும்பி வந்தார். மெலிந்திருந்தார். பிராண்டு தம் நூலிலே பதிவு செய்திருக்கும் நிகழ்ச்சி இது. அவர் சொன்னதன் சாரம் என்ன தெரியுமா? 'ஐயா, நீங்கள் கொடுத்த கை பிச்சை எடுக்க உதவாத கை. மடங்கிய விரலைக் கண்டபோது மனமிரங்கிக் காசு போட்டவர்கள், இப்போது போடவில்லை. பழைய வடு தெரிவதால் வேலை கொடுப்பாரும் இல்லை. வாடகைக்கு ஓர் அறை தருவாரும் இல்லை.'

கேட்டீர்களா? அறுவை மருத்துவம் வெற்றி. நோயாளி தெருவிலே! மருத்துவன் தன் கடமையைச் செம்மையாகச் செய்தான். அந்தச் செம்மையினாலேயே அவன் நோயாளியின் ஒரே பிழைப்பும் பறிபோயிற்று. 'வீடற்றவர்கள் சோம்பேறிகள், உழைக்க மனமில்லாதவர்கள்' என்று மெத்தையிலே சாய்ந்தபடி பேசுகிற பெரியவர்களே! இதோ, உழைக்கக் கை கிடைத்து, உழைக்க மனமிருந்து, ஊர் கதவடைத்ததால் தெருவிலே நின்ற மனிதன். இவனை எந்தப் பட்டியலிலே சேர்ப்பீர்கள்?

பிராண்டு அந்த மனிதரைக் கடிந்து அனுப்பவில்லை. கணக்கிலே ஒரு வெற்றி என்று எழுதிவிட்டு ஏட்டை மூடவும் இல்லை. பாகாயத்திலே, மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே, எளிய குடிசைகள் எழுப்பி 'நவஜீவ நிலையம்' கண்டார். பளிங்குக் கட்டடம் அல்ல, சிற்றூர்க் குடிசைகள். ஏனெனில் அவர்கள் திரும்பப் போக வேண்டியது சிற்றூருக்கு. அங்கே மருத்துவத்தோடு தச்சுவேலை கற்பித்தனர். மரப் பொம்மைகள் செய்தனர். உணர்வற்ற கையால் உளியைப் பிடிப்பது எப்படி, சுடுகலத்தைத் தொடுவதற்குமுன் கண்ணால் பார்த்து அறிவது எப்படி என்று பழகினர். நோய்க்கும் ஊருக்கும் இடையிலே ஒரு படிக்கட்டுக் கட்டினார் அவர்.

அந்த நிலையத்திலே ஒரு புதிர் எழுந்தது. இரவு படுத்தபோது இருந்த விரல் நுனி, காலையிலே காணவில்லை! நோயே சதையைத் தின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினர். விழித்திருந்து காவல் காத்தபோது உண்மை வெளிப்பட்டது. எலி! உணர்வில்லாத விரலை எலி கடிப்பது உறங்குபவனுக்குத் தெரியாது. அதன்பின் நிலையத்தை விட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் கையோடு ஒரு பூனையைக் கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. உலகப் புகழ் பெற்ற அறுவை மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு — ஒரு பூனை!

சிரிப்பு வருகிறது அல்லவா? எண்ணிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். எலி புகாத அறையிலே உறங்கும் நாம் அதனை விளையாட்டாக நினைக்கிறோம். வெட்டவெளியிலே படுப்பவன் இரவு முழுதும் எவற்றோடெல்லாம் போராடுகிறான்! எலி, நாய், கொசு, மழை, பனி, குடிகாரனின் உதை. பகலில் மட்டும் வந்து பார்க்கும் மருத்துவத்துக்கு அவை தெரியா. இரண்டாம் பாடம் இது: அந்த மனிதன் எங்கே உறங்குகிறான், எப்படி விழிக்கிறான், எதைத் தின்கிறான் என்பதை அறியாதவன், அவன் நோயை அறிந்தவன் ஆகமாட்டான்.

மூன்றாம் பாடம் காலிலே இருக்கிறது. தோல் நகரத்து மக்களே, இது உங்களுக்கே உரியது!

விரல்களும் பாதங்களும் குறைவதற்குக் காரணம் நோய் நேராகச் சதையைத் தின்பதன்று. உணர்வு போனதால், அடிபடுவதும் சுடுபடுவதும் தெரியாமல் போவதே காரணம் என்பதைப் பிராண்டும் அவர் குழுவினரும் நிறுவினர். நமக்கு ஒரு சிறு கல் உறுத்தினாலும் நடையை மாற்றுகிறோம். வலி நமக்குக் காவலன். அந்தக் காவலனை இழந்தவன், ஆணி ஏறிய பாதத்தோடும் மைல் கணக்கில் நடப்பான். அதிலும், வீடற்றவனுக்கு நடைதானே வாழ்க்கை! கால் புண் ஆற வேண்டுமானால், பாதத்தின்மீது விழும் அழுத்தம் பரவ வேண்டும். இதற்காக வேலூரிலும் கரிகிரியிலும் ஆராய்ந்து ஆராய்ந்து, மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த காலணிகளை உருவாக்கினர். 'எம்.சி.ஆர். செருப்பு' என்று இன்றும் தொழுநோய்ப் பிரிவுகளிலே வழங்கப்படுவது அந்த வழி வந்ததுதான். ஒரு செருப்பு ஒரு காலைக் காத்தது. கால் காத்ததால் வேலை நிலைத்தது. வேலை நிலைத்ததால் வீடு நிலைத்தது. செருப்பு தைப்பவன் கையிலே ஒரு மருத்துவமனை இருக்கிறது, தோழர்களே! அந்தத் தொழிலை இழிதொழில் என்று எழுதி வைத்தவர்களின் ஏடுகளை எங்கே கொண்டு போய்ப் போடுவது?

கரிகிரி என்றேன். வேலூருக்கு அருகே, கல்லும் வெப்பமுமாகக் கிடந்த நிலத்திலே 1955இல் எழுந்தது ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். இன்று போய்ப் பாருங்கள்; மரங்கள் அடர்ந்த சோலையைக் காண்பீர்கள். அங்கே நெடுநாள் பணிபுரிந்த டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்ஸி அறுவை மருத்துவமும் செய்தார், மரமும் நட்டார். 1962இல் அந்நிலையம் குடியாத்தம் தாலுகாவை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக, வீடு வீடாக நோயைத் தேடிச் சென்றது. விரல் மடங்கிய பின் அல்ல. முதல் தேமலிலேயே கண்டுபிடிப்பது அதன் நோக்கம். 1980களிலே கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. குறித்த காலம் மருந்து, இலவசம், நோய் தீர்ந்தது. முதல் தேமலிலேயே மருந்து பெற்றவன் தன் வீட்டிலேயே இருந்தான். எவனும் அவனைத் துரத்தவில்லை. ஆகவே, வீடற்றோர்க்கு மருத்துவம் என்பதன் உயர்ந்த படி எது? ஒருவன் நோயினாலே வீட்டை இழக்கும் முன்பே அவனைச் சென்று அடைவது. தெருவிலே நூறு பேர்க்குக் கட்டுப் போடுவதிலும், நூற்றியோராவது மனிதன் தெருவுக்கு வராமல் தடுப்பது மேல்.

தலைமை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். மேரி வர்கீஸ் அம்மையாரைச் சொல்கிறேன். வேலூரிலே பணியாற்றிய இளம் மருத்துவர். 1954இல் ஒரு சாலை விபத்து. முதுகெலும்பு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. இனி இவர் நோயாளிதான் என்றே எவரும் நினைப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்திலே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உணர்வற்ற காலோடு அமர்ந்திருக்கும் மருத்துவர், உணர்வற்ற கையோடு வந்த நோயாளியைப் பார்த்து, 'உன் துன்பம் எனக்குத் தெரியும்' என்று வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பத்து இளைஞர்களே! நாளை உங்கள் அமைப்பின் குழுவிலே, தெருவிலே உறங்கி எழுந்த ஒருவராவது அமரட்டும். வரவேற்புரை கேட்பதற்காக அன்று, வாக்களிப்பதற்காக.

'கிறித்துவர்களைப் புகழ்கிறாயே, பகுத்தறிவுப் பாசறையிலே இதற்கு இடமுண்டா?' என்று சிலர் கேட்கக்கூடும். நமது தந்தை பெரியார், கடவுளை மறுத்த அந்தக் கிழச்சிங்கம், 1973 டிசம்பர் 24 அன்று இறுதி மூச்சு விட்டது இதே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேதான். தொண்டு செய்யும் கையை, அது எந்தக் கோயிலிலே கும்பிடுகிறது என்று பார்த்து மதிப்பது நம் மரபன்று. ஆனால், தொண்டு எத்துணை உயர்ந்ததாயினும், அதற்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அரசியல்வாதி அல்லன், வெறும் வாழ்த்துரையாளன்.

கொடையாளர் நன்கொடை தந்தால் குடிசை எழும். நிறுத்தினால் கூரை சரியும். நல்லவர் ஒருவர் இருக்கும்வரை விளக்கு எரியும். அவர் மறைந்தால் எண்ணெய் வற்றும். எவன் ஒருவன் வாழ்வது மற்றவன் நல்லவனாக இருப்பதைப் பொறுத்திருக்கிறதோ, அவன் இன்னும் இரவலன்தான். ஆகவேதான் நாம் அரசைக் கேட்கிறோம். 1971இல், கலைஞர் முதலமைச்சராக இருந்த காலத்திலே, தொழுநோயால் தாக்குண்டு பிச்சை எடுத்தோர்க்கென அரசின் மறுவாழ்வு இல்லங்கள் துவக்கப்பட்டன. செங்கற்பட்டை அடுத்த பரனூரில் உள்ளது அவற்றிலே ஒன்று. 1898இன் சட்டம் எந்த மனிதனைக் கைது செய்யச் சொன்னதோ, அதே மனிதனுக்கு அரசே வீடு கட்டித் தந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் அரசியல்! 'எனக்கு எதற்கு அரசியல்' என்று கேட்பவர்க்கு இதைக் காட்டுங்கள்.

தொழுநோய் தணிந்துவிட்டது. தெருவிலே இன்று நாம் காணும் துயரத்துக்கு முகம் வேறு. மனநோயால் வீட்டை மறந்தோரும், மனநோயால் வீட்டாரால் மறக்கப்பட்டோரும் ஊர் ஊராகத் திரிகின்றனர். பழைய கர்மபலன் இங்கே பேய் என்றும் பில்லி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. 2001 ஆகஸ்டு 6, ஏர்வாடி, நினைவிருக்கிறதா? சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயிலே மாண்டனர். கதவு இருந்தது, ஓடக் கால் இருந்தது, சங்கிலி விடவில்லை.

அதற்கு முன்பே, 1993இல், சென்னையிலே வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், தெருவிலே திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக 'பான்யன்' என்ற அமைப்பைத் துவக்கினர். அவர்களும் வேலூர் கற்ற அதே பாடத்தைக் கற்றனர். நோய் தணிந்தது, பலர் இல்லம் திரும்பினர், சிலருக்குத் திரும்ப இல்லமே இல்லை. நலம் பெற்ற பின்னும் மருத்துவ இல்லத்திலேயே ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதா? 2015 முதல், சாதாரணத் தெருக்களிலே சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் வாழ வழி செய்தனர். சமைக்கின்றனர், சந்தைக்குப் போகின்றனர், அண்டை வீட்டாரோடு சண்டையும் போடுகின்றனர், மனிதர்களைப் போல! உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அதனை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டிற்று. நவஜீவ நிலையத்துக் குடிசைக்கும் இந்த வாடகை வீட்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கும் மேல். உண்மை ஒன்றே: வீடும் மருந்தின் ஒரு பகுதி.

சட்டமும் இன்று அதனை ஒப்புக்கொண்டுவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது: குடும்பம் இல்லை என்பதற்காகவோ, வீடு இல்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமுதாயத்திலே வாழ்வது அவர் உரிமை. வீதியிலே திரியும் மனநோயாளரைப் பாதுகாப்பது காவல் துறையின் கடமை. பிடித்து அடைக்கச் சொன்ன 1898 எங்கே, காத்து நிற்கச் சொல்லும் 2017 எங்கே! 2018 முதல் தமிழ்நாட்டின் சில மாவட்ட அரசு மருத்துவமனைகளிலே, வீடற்ற மனநோயாளர்க்கென அவசரச் சிகிச்சை, மீட்பு மையங்கள் துவக்கப்பட்டன. 1 இலட்சம் நகர மக்களுக்கு ஓர் இரவு பகல் தங்குமிடம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010லேயே ஆணையிட்டது. எழுத்திலே நாம் ஏழைகள் அல்லர்!

2021 ஆகஸ்டிலே 'மக்களைத் தேடி மருத்துவம்' துவக்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. நாடு பாராட்டிய திட்டம். நாமும் மார்தட்டிக்கொண்ட திட்டம். மார்தட்டிய கையாலேயே ஒரு கேள்வியையும் எழுதுகிறேன். வாசலுக்கு மருந்து வருகிறது, வாசல் இல்லாதவனுக்கு? கதவு எண் இல்லாதவன், அட்டை தொலைத்தவன், நேற்று ஆம்பூர், இன்று குடியாத்தம், நாளை காட்பாடி என்று திரிபவன், அவனும் மக்களிலே ஒருவன் அல்லவா? அவனையும் தேடுவதல்லவா மக்களைத் தேடும் மருத்துவம்? ஒவ்வொரு நகராட்சித் தங்குமிடத்திலும் மாலையிலே ஒரு செவிலியர் இருக்கட்டும். முகவரி கேட்காமல் மருந்து வழங்கும் முறை வரட்டும். மருத்துவமனையிலிருந்து ஒருவரை வெளியே அனுப்பும்போது, 'எங்கே போகிறார்' என்ற கட்டத்திலே 'சாலையோரம்' என்று எழுத நேர்ந்தால், அனுப்புவதை நிறுத்தி, தங்குமிடத்துக்குத் தகவல் சொல்லும் விதி வரட்டும். ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் இந்தக் கோரிக்கையை ஏந்தி நிற்பது நம் கடமை.

'அரசு செய்யட்டுமே, நாங்கள் எதற்கு' என்று பத்து இளைஞர்கள் கேட்கக்கூடாது. அரசுக்குக் கை நீளம், கண் தொலைவில். கம்பத்தடியிலே கிடப்பவனின் பெயரை அரசாணை அறியாது, நீங்கள் அறிவீர்கள். ஒருவன் காவலரைக் கண்டு ஓடுவான், மருத்துவமனையைக் கண்டு ஒதுங்குவான்; வாரந்தோறும் வந்து நின்ற உங்களைக் கண்டால் அமர்ந்திருப்பான். அவன் கையைப் பற்றி அரசின் படிவரை அழைத்துச் செல்வது உங்கள் வேலை. படியேறிய பின் கதவு திறக்காவிட்டால், திறக்கும்வரை தட்டுவதும் உங்கள் வேலை. அந்தத் தட்டும் ஓசையிலே இந்த ஏடும் சேரும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். காலணித் தொழிற்சாலை உரிமையாளர்களே! ஆண்டுக்கு ஒருமுறை போர்வை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, நலம் பெற்ற ஒருவருக்கு ஒரு வேலை கொடுங்கள். புண்பட்ட காலுக்கு அளவெடுத்து ஒரு செருப்புத் தைத்துக் கொடுங்கள். வீட்டுக்காரர்களே! வடுவைப் பார்த்து வாடகை மறுக்காதீர்கள். இந்த இரண்டும் நிகழ்ந்தால், மருத்துவத்தின் பாதி வேலை முடிந்தது.

இறுதியாக, பத்து இளைஞர்களே! அமைப்பு என்றால் கணக்கேடு உண்டு. எத்தனை பேர்க்குச் சோறு, எத்தனை பேர்க்கு மாத்திரை, எத்தனை பேர்க்குக் கட்டு என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். நன்கொடையாளர் கேட்பார்கள். ஆனால் அந்த ஏட்டிலே கடைசியாக ஒரு கட்டம் போடுங்கள். 'ஓராண்டு கழித்து இவர் எங்கே உறங்குகிறார்?' என்று அதற்குத் தலைப்பிடுங்கள். அந்தக் கட்டம் நிரம்பாதவரை, மற்றக் கட்டங்களில் உள்ள எண்களைக் கண்டு மகிழாதீர்கள். நாளைக் காலையிலே ஏட்டை வாங்குங்கள். கடைசிக் கட்டத்துக்குக் கோடு போட்ட பின், முதல் பெயரை எழுதுங்கள்.